மாணவர் செயல்

பி.எட். பாடக்குறிப்பு நோட்டில் ஐந்து பத்திகள் உண்டு. நீளமான நோட்டின் இரண்டு பக்கங்களையும் சேர்த்து விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, உள்ளடக்கம், குறிக்கோள், ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு என்று தலைப்பிட வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றுக்கு இப்படி நான்கு பக்கமாவது வரும். எழுதி எழுதி நடுவிரல் காய்த்துப்போகும். இதை வெறும் சடங்கு என்று சொல்லாத பி.எட். மாணவரை நான் பார்த்ததில்லை. பயிற்சி முடிந்த கையோடு பழைய பேப்பர் கடையில் போட்டவர்களும் உண்டு. என் நோட்டுகளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அந்த ஐந்து பத்திகளில் நான்காவதுதான் என்னை ஆசிரியை ஆக்கியது.

1997இல் குமாரபாளையத்தில் பி.எட். சேர்ந்தேன். சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்து தனி மாவட்டமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. எனக்கு ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தேன். வீட்டில் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு வருஷப் படிப்பு, முடித்ததும் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து வைத்துவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் சீனியாரிட்டியில் கார்டு வரும், பெண் பிள்ளைக்கு டீச்சர் உத்தியோகம்தான் தோது. எனக்கென்று தனியாக ஒரு கனவு இருந்ததாகச் சொல்ல மாட்டேன். இயற்பியல் பிடிக்கும், அவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொடுப்பது தனியாகக் கற்க வேண்டிய ஒரு வேலை என்பது அந்த ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

குமாரபாளையம் காவிரியின் கிழக்குக் கரை. பாலத்தைத் தாண்டினால் பவானி. பவானிக்கு ஜமக்காளம் என்றால் குமாரபாளையத்துக்கு லுங்கியும் துண்டும். தெருவுக்குத் தெரு விசைத்தறி. நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. விடிய விடிய ஓடும். வந்த புதிதில் தூக்கமே பிடிக்கவில்லை. போகப் போக, கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வந்தது. வீட்டுக்கார அக்கா பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து தறி நூலைத் தார் சுற்றியபடியே, "ஏனுங் டீச்சர், இன்னைக்கு என்ன எழுதறீங்க?" என்று கேட்பார். நாங்கள் இன்னும் டீச்சர் ஆகவில்லை என்று சொன்னாலும் கேட்க மாட்டார்.

முதல் சில மாதங்கள் முழுக்கக் கல்லூரிக்குள்தான். உளவியல், கல்விச் சிந்தனையாளர்கள், பள்ளி நிர்வாகம். தார்ன்டைக், பாவ்லோவ், ஸ்கின்னர், பியாஜே என்று வரிசையாக வந்தார்கள். எலியும் நாயும் புறாவும் பூனையும் கற்ற கதைகளை எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு எப்படிப் பொருத்துவது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உளவியல் செய்முறையில் ஒன்று மட்டும் மனதில் பதிந்துவிட்டது. கண்ணாடி வரைபடம் என்று அதற்குப் பெயர். ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். கையையும் தாளையும் நேராகப் பார்க்க முடியாதபடி மறைப்பு இருக்கும். எதிரே உள்ள கண்ணாடியில் பார்த்துத்தான் வரைய வேண்டும். மேலே போக நினைத்தால் பென்சில் கீழே வரும். பட்டம் வாங்கி வந்த அத்தனை பேரும் ஒரு முனையைத் திருப்ப முடியாமல் வியர்த்துப்போனோம். முதன்முதலாக ஓர் எதிரொளிப்புப் படம் வரையும் பிள்ளைக்குக் கை எப்படித் தடுமாறும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்காது.

அடுத்து நுண்ணிலைக் கற்பித்தல். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கிய முறை. பாடம் நடத்துவதைச் சிறுசிறு திறன்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாகப் பழகுவது. என்.சி.இ.ஆர்.டி. வகுத்த இந்தியக் கணக்கில் ஒரு சுற்றுக்கு 36 நிமிடம்: கற்பிக்க 6, கருத்துரைக்கு 6, திருத்தி எழுத 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி கருத்துரைக்கு 6. தோழிகளே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளாக பெஞ்சில் உட்காருவார்கள். அதில்தான் குறை. அவர்களுக்கு எல்லாப் பதிலும் தெரியும், தெரியாதது போல் நடிப்பார்கள். நிஜப் பிள்ளை ஒருநாளும் அப்படித் திருத்தமாகத் தப்பு செய்யாது. அந்தத் திறன்களில் ஆழ்வினா கேட்பது ஒன்றுதான் எனக்குக் கடைசிவரை பயன்பட்டது. ஒரு பிள்ளை "தெரியலீங்" என்றால் உடனே அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடாமல், அதே பிள்ளையிடம் கேள்வியைச் சற்றே சின்னதாக்கி மறுபடி கேட்பது. கேட்க எளிது. நாற்பது பேர் முன்னால் நிற்கும்போது அந்தப் பொறுமை வர வருஷங்கள் ஆகும்.

அறிவியல் கற்பித்தலை நடத்தியவர் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பேராசிரியர். ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளை வேட்டி, தோளில் துணிப்பை, பைக்குள் எப்போதும் ஒரு மெழுகுவர்த்தியும் காந்தமும் இருக்கும். பாடக்குறிப்பை அவரிடம் நீட்டினால் முதல் மூன்று பத்திகளைப் பார்க்கவே மாட்டார். நேராக நான்காவதுக்குப் போவார். மாணவர் செயல் என்ற பத்தியில் எல்லாரும் எழுதுவது ஒன்றையேதான்: கவனிக்கிறார்கள், உற்றுநோக்குகிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள். ஆண்டாண்டாகச் சீனியர் நோட்டிலிருந்து ஜூனியர் நோட்டுக்கு இறங்கி வருகிற வாசகங்கள். அவர் சிவப்பு மையால் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"ஏம்மா, நீ என்ன பண்ணப்போறேன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கே. புள்ளைங்க கை என்ன பண்ணும், வாய் என்ன பேசும்னு ஒரு வரிகூட இல்லியே? அதை முதல்ல எழுதிக்கிட்டு வா. உன் வேலையை அப்புறம் எழுதலாம்."

இது தலைகீழ் வேலை. குறிப்பை நான்காவது பத்தியில் ஆரம்பித்துப் பின்னோக்கி எழுத வேண்டும். பிள்ளைகள் கிளாஸ் மேல் அட்டையை வைத்து, அட்டை மேல் காசு வைத்து, அட்டையைச் சுண்டுகிறார்கள் என்று எழுதினால், எத்தனை கிளாஸ், எத்தனை அட்டை, எங்கிருந்து வாங்குவது, எத்தனை பேர் ஒரு குழு, சுண்டிய காசு உருண்டு ஓடினால் யார் எடுப்பது என்று எல்லாவற்றையும் முதலிலேயே யோசித்தாக வேண்டும். கவனிக்கிறார்கள் என்று எழுதிவிட்டால் இவை எதையும் யோசிக்க வேண்டாம். ஐயா ஏன் அந்தப் பத்தியை விடாமல் பிடித்தார் என்று அப்போதுதான் புரியத் தொடங்கியது.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் கண்டறி முறை பாடத்திட்டத்தில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி. ஹென்றி எட்வர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், மாணவரைச் சின்ன அளவிலாவது கண்டுபிடிப்பவராக நிறுத்த வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாதாடியவர். நிறைகள், குறைகள் என்று இரண்டு தலைப்பில் மனப்பாடம் செய்தால் போதும். நேரம் அதிகம் பிடிக்கும், செலவு அதிகம், பெரிய வகுப்புக்குப் பொருந்தாது என்பவை குறைகள். ஐயா அந்தக் குறைகளை எழுதிப்போடும்போது ஹோஷங்காபாத்தைப் பற்றிச் சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் அந்த மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் 1972இல் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம். கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து தொடங்கியது, பிறகு ஏகலவ்யா என்ற அமைப்பு எடுத்து நடத்தியது. சாதாரணக் கிராமத்து அரசுப் பள்ளிகளில், பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து சோதனை செய்து, கண்டதைத் தாங்களே எழுதி, தேர்வுக்கும் புத்தகத்தைக் கையோடு எடுத்துப்போனார்கள். பெரிய வகுப்புக்குப் பொருந்தாது என்று பரீட்சைக்கு எழுதுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள் என்றார். அந்தத் திட்டத்தை 2002இல் அரசு நிறுத்திவிட்டது என்று பின்னாளில் படித்தபோது, நேரில் பார்த்தே இராத அந்தப் பள்ளிகளுக்காக எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

கல்லூரி நூலகத்தில் யுனெஸ்கோவின் அறிவியல் ஆசிரியர் கையேடு ஒன்று அட்டை கிழிந்து கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் பள்ளிகளும் ஆய்வகங்களும் இடிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்கென்று 1948இல் ஸ்டீஃபன்சன் என்ற ஆங்கிலேய ஆசிரியர் எழுதிய சிறு நூல்தான் அதற்கு விதை. அதை விரித்து 1956இல் யுனெஸ்கோ வெளியிட்டது. கையில் எதுவும் இல்லாத ஆசிரியருக்கு என்ன செய்யலாம் என்பதைத் தவிர அதில் வேறு பேச்சே கிடையாது. மை பாட்டிலில் சாராய விளக்கு. தகர டப்பாவில் தராசு. ஃப்யூஸ் போன பல்பின் அடிப்பகுதியைப் பக்குவமாக உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் குடுவை, அதிலேயே தண்ணீர் நிரப்பினால் லென்ஸ். நான் ஃப்யூஸ் போன பல்புகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். வீட்டுக்கார அக்காவும் பட்டறையிலிருந்து எடுத்து வைத்துத் தருவார்.

கற்பித்தல் பயிற்சிக்கு எங்களைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம். எனக்கு வாய்த்தது ஒரு மேல்நிலைப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு அறிவியல். ஆய்வகம் இருந்தது. பூட்டியும் இருந்தது. அது பிளஸ் டூவுக்கு மட்டும் என்றார்கள். அப்போது மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே. மதிப்பெண் இல்லாத இடத்துக்குச் சாவி எதற்கு என்பது அந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஐந்து வருஷம் அறிவியல் படித்துவிட்டு, ஒரு சோதனைக் குழாயைக்கூடக் கையில் பிடிக்காமல் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு வெளியே போகலாம். ஆயிரக்கணக்கில் போனார்கள். இதை நினைக்கும்போது எனக்கு வரும் கோபம் இன்னும் ஆறவில்லை.

நிலைமம் பாடம் எடுத்த நாள் ஐயா பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸும் அட்டையும் காசும் குழுக் குழுவாகக் கொடுத்தாயிற்று. சுண்டினார்கள், காசு கிளாஸுக்குள் விழுந்தது, சிரித்தார்கள், மறுபடி சுண்டினார்கள். உதாரணம் கேட்டேன். பஸ் பிரேக் போட்டால் முன்னால் சாய்வோம் என்று நாலைந்து கை ஒரே நேரத்தில் எழுந்தது. புத்தகத்தில் இருக்கும் உதாரணம். வேறு கேட்டேன். வகுப்பு அமைதியானது. கடைசி வரிசையில் பெரும்பாலும் தலை கவிழ்ந்து தூங்கும் பையன் ஒருவன் இருந்தான். ராத்திரி வீட்டில் தார் சுற்றிவிட்டுக் காலையில் வருகிறவன். குழந்தைத் தொழிலாளர்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்குக் கொடுத்திருந்தது. அந்த விலக்குக்குள்தான் அந்த ஊரின் பாதிப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவன் எழுந்து நிற்காமலேயே சொன்னான்.

"கரண்ட் போனா தறி உடனே நிக்காதுங் டீச்சர். நாலு அடி ஓடித்தான் நிக்கும்."

"எது ஓட வைக்குது? மோட்டார்தான் நின்னுருச்சே?"

"வீல் சுத்திக்கிட்டு இருக்குமுங்."

முன் வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "நாடாவும் அப்படித்தானுங் டீச்சர். கட்டை ஒரு அடி அடிச்சதும் விட்டுரும், அதுக்கப்புறம் நாடா தானாத்தான் அந்தப் பக்கம் போகும்" என்றாள். பிறகு வகுப்பு என் கையில் இல்லை. எல்லாருக்கும் நாடாவைப் பற்றிச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. நாடா என்பது ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவு நூல்களுக்கு நடுவே இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பாயும் மரக்கட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கூர். எதிர்ப்பக்கப் பெட்டிக்குள் போய் நிற்க அங்கே தோல் வைத்திருப்பார்கள், தோல் தேய்ந்துவிட்டால் நாடா மோதித் திரும்பி வந்துவிடும் என்றான் ஒருவன். போகிற வழியில் பாவு அறுந்து சிக்கிக்கொண்டால் நாடா வெளியே தெறித்து ஆள் மேல் அடிக்கும் என்றான் இன்னொருவன். முன் வரிசைப் பெண் தன் புருவத்துக்கு மேலே விரல் வைத்துக் காட்டினாள். "எங்கம்மாவுக்கு இங்க பட்டுருச்சுங் டீச்சர். மூணு தையல்."

ஒருகணம் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் கேள்வியைச் சின்னதாக்கினேன். நாடா பாதி வழியில் ஏன் நிற்கவில்லை? அடிக்கிற கட்டைதான் விட்டுவிட்டதே, அதைத் தள்ளிக்கொண்டு போவது எது? ஒருவன் அடித்த வேகம் உள்ளே இருக்கிறது என்றான். தூங்குகிற பையன் இப்போது எழுந்து நின்றிருந்தான். "தள்ள ஆள் வேண்டியதில்லீங். நிறுத்தத்தான் ஆள் வேணும்."

கலிலியோ சாய்தளங்களில் உருண்டைகளை உருட்டிவிட்டுப் பல வருஷம் யோசித்து வந்து சேர்ந்த இடம் அது. நியூட்டன் 1687இல் தன் நூலில் முதல் விதியாக எழுதி வைத்தது அதைத்தான். இரண்டாயிரம் ஆண்டுகளாக அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்கள், நகரும் பொருளுக்குப் பின்னால் தள்ளுவது ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். தறிப்பட்டறையில் வளரும் பையன் அப்படி நம்பினால் அவனுக்கு அடிபடும். அப்புறம் அந்தப் பெண் கேட்டாள்: உரசலே இல்லை என்றால் நாடா நிற்கவே நிற்காதா? நான் அதற்கு விடை சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. சுருக்கிக் கூறலும் வீட்டுப்பாடமும் நோட்டிலேயே நின்றுவிட்டன.

அந்தப் பள்ளியில் எனக்கு வழிகாட்டி ஆசிரியையாக இருந்தவருக்கு அதில் திருப்தியில்லை. போர்ஷன் பாக்கி, இப்படிப் பேசவிட்டால் அரையாண்டுக்குள் முடியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருக்கு ஐந்து வகுப்பு, வாரத்துக்கு முப்பதுக்குக் குறையாத பாடவேளை, மேலே தேர்ச்சி விகிதம் கேட்கும் அதிகாரிகள். ஐயா அவருக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. நேராக அந்தப் பையனிடம் போய், "நாடா எவ்வளவு கனம் இருக்கும் தம்பி?" என்றார். அவனுக்கும் தெரியவில்லை. மறுநாள் முனை தேய்ந்து ஒதுக்கிப்போட்ட நாடா ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டான். எடை பார்க்கத் தராசு வேண்டும். தராசு ஆய்வகத்தில். ஐயா போய்க் கேட்ட பிறகு, அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று சொல்லித் தலைமையாசிரியர் சாவியைக் கொடுத்தார்.

அந்த அறைக்குள் ஒன்பதாம் வகுப்பு நுழைந்ததை எப்படிச் சொல்வது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்கள், யாரும் சொல்லாமலேயே. அலமாரிக் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று ஒவ்வொரு லேபிளையும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். சுருள்வில் தராசின் கொக்கியில் நாடாவை நூலால் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொருவராக வந்து முள் நிற்கும் இடத்தைப் படிக்கச் சொன்னேன். கண் முள்ளுக்கு நேர் மட்டத்தில் இல்லாவிட்டால் அளவு மாறும் என்பதை அவர்களே கண்டுகொண்டு சண்டை போட்டார்கள். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு கனமான கட்டை நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் பாய்கிறது என்று ஒரு பெண் நோட்டில் எழுதிவிட்டு, தறி எத்தனை அடி ஓடுகிறது என்று வீட்டில் எண்ணிப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அந்த ஒரு மணி நேரம் இரண்டாகி, பிறகு வாரத்துக்கு ஒரு நாள் என்றானது. வழிகாட்டி ஆசிரியையே தன் பத்தாம் வகுப்பையும் அழைத்து வந்தார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அமிலம், காரம் பாடத்துக்கு லிட்மஸ் தாள் இருந்தது, ஆனால் வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடந்ததில் நிறம் செத்துப்போயிருந்தது. எங்களுக்கு மஞ்சள் போதும். ஈரோட்டு மஞ்சள் மண்டி பக்கத்தில். மஞ்சளைக் கரைத்து வடிகட்டித் தாளில் தோய்த்து நிழலில் காயவைத்தால் காரத்துக்குச் சிவப்பாக மாறும். வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவந்துபோவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறார்கள். செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு அமிலத்துக்கு அடர்ந்த இளஞ்சிவப்பு, காரத்துக்குப் பச்சை. எலுமிச்சை, புளி, மோர், சோப்புத் தண்ணீர், சுண்ணாம்பு எல்லாம் முடிந்த பிறகு, ஆற்றங்கரைச் சாயப்பட்டறை வாய்க்கால் தண்ணீரை ஒருவன் பாட்டிலில் கொண்டுவந்தான். தண்ணீருக்கே ஊதா நிறம். நிறத்தில் குழம்பாமல் இருக்க அதைப் பல மடங்கு நீர்த்து, பிறகு மஞ்சள் தாளைத் தோய்த்தார்கள். சிவந்தது. பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றச் சோடாவும் காஸ்டிக்கும் போடுவார்கள் என்று சாயப்பட்டறையில் அப்பா வேலை செய்யும் பிள்ளை சொன்னது. அந்த வாய்க்கால் எங்கே போய்ச் சேருகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை, அந்த ஊர் குடிப்பது எந்தத் தண்ணீர் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று வகுப்பில் யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் அந்தத் தாளை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதிக்கொண்டார்கள்.

வருஷக் கடைசியில் செய்முறைத் தேர்வுக்குக் கமிஷன் வந்தது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் நோட்டு, ஆல்பம், சார்ட், மாடல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க தெர்மோகோல் வெட்டுவதிலும் சார்ட்டுக்கு ஓரம் கட்டுவதிலும் போனது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

வேலை கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. இடையில் தனியார் பள்ளிகளில் இருந்தேன். அரசுப் பள்ளிக்கு வந்த பிறகு சமச்சீர்க் கல்வி வந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்து, 25 செய்முறை என்றார்கள். அந்த உத்தரவைப் படித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சி வேலைக்கான உத்தரவு வந்த நாளில்கூட இல்லை. பூட்டுக்கு இனி வேலை இல்லை என்று நினைத்தேன். பூட்டு போய்விட்டது உண்மை. ஆனால் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் அவசர அவசரமாக எல்லாச் சோதனையையும் காட்டிவிட்டு முழு மதிப்பெண் போடும் பழக்கமும் பல இடங்களில் கூடவே வந்துவிட்டது. பிள்ளை கையால் செய்யாத சோதனைக்குக் கொடுக்கப்படும் 25 மதிப்பெண்ணை நான் தானமாகக்கூட நினைக்க மாட்டேன். அது அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு கையில் ஒரு சீட்டைக் கொடுப்பது.

பி.எட். 2015லிருந்து இரண்டாண்டுப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியிலேயே இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த காலத்தோடு பார்த்தால் இது பெரிய வாய்ப்பு. ஆனால் ஆசிரியர் இல்லாத வகுப்புகளைக் கட்டி மேய்க்கப் பயிற்சி மாணவர்களை அனுப்பி அந்த 16 வாரத்தையும் வீணாக்குவது எங்கும் நடக்கிறது. என்னிடம் வருகிறவர்களை நான் அப்படி விடுவதில்லை. முதல் வாரம் பாடம் எடுக்கச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, யார் வீட்டில் என்ன தொழில், யார் கை எதில் பழகியது என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். இன்று பலரும் பாடக்குறிப்பை இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்துக் கொண்டுவருகிறார்கள். மாணவர் செயலில் அதே பழைய வாசகங்கள். சிவப்புப் பேனா இப்போது என்னிடம் இருக்கிறது.

போன பருவத்தில் வந்த ஒரு பயிற்சி ஆசிரியை ஒளிவிலகலுக்கு லென்ஸ் வேண்டும் என்றார். பள்ளியில் இருந்தவை இரண்டோ மூன்றோ, வகுப்பில் நாற்பத்தைந்து பேர். ஃப்யூஸ் பல்பைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது என்னவென்றே சட்டென்று புரியவில்லை. நியாயம்தான், ஊரெல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டது, இழை பல்பு எங்கே கிடைக்கும். அவர் பிள்ளைகளிடமே கேட்டார்: உங்கள் வீட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது என்ன இருக்கிறது? மறுநாள் கோலிக்குண்டு வந்தது, மருந்து பாட்டில் வந்தது, தாத்தாவின் கண்ணாடி வந்தது, தண்ணீர் கட்டிய பாலிதீன் பை வந்தது. செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பையன் தாளில் ஒரு அம்புக்குறி போட்டு, தண்ணீர் நிரப்பிய பாட்டிலை அதற்குச் சற்று மேலே பிடித்தான். அம்பு திசை மாறியது. பாட்டிலைத் தொண்ணூறு பாகை திருப்பினால் மாறவில்லை. இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டு, கோலிக்குண்டில் எப்படிப் பிடித்தாலும் மாறுகிறதே, இதில் மட்டும் ஏன் ஒரு பக்கம்தான் என்று கேட்டான்.

நாளைக்கு எல்லாரும் உருண்டையாக ஒன்றும் குழாய் மாதிரி ஒன்றும் கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம் என்று பயிற்சி ஆசிரியை சொல்லிவிட்டார். சோதனைக் குழாயில் தண்ணீர் நிரப்பினாலும் அதே வேலை செய்யும், எல்லாருக்கும் ஒன்று வரும்படி எண்ணி எடுத்துக் கழுவி வைக்கலாம் என்றேன். பள்ளி விட்ட பிறகு இருவரும் ஆய்வகத்தில் உட்கார்ந்து கழுவினோம். அடியில் அயோடின் கறை பிடித்தவற்றைத் தனியாக ஒதுக்கிவிட்டு எண்ணினால் முப்பத்தெட்டு. பாக்கிக்கு எட்டாம் வகுப்பு டீச்சரிடம் கேட்டு வாங்கினோம்.